பன்றிப் பாலில் இல்லாத இரும்பு

எங்கள் மகளுக்கு நான்கு மாதம் நிறைந்தபோது வழக்கமான பரிசோதனைக்காகக் குழந்தை மருத்துவரிடம் போயிருந்தோம். எடை, உயரம், தலைச் சுற்றளவு எல்லாம் ஒழுங்காக இருந்தன. கிளம்பும் நேரத்தில் மருத்துவர் ஒரு சீட்டை நீட்டினார். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை என்பதால் இன்றிலிருந்து தினமும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு ஒரு மில்லிகிராம் கணக்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2010இல் வெளியிட்ட பரிந்துரை அது.

அம்மா அப்போது மேலூரிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, தாய்ப்பால்ல இல்லாத சத்தையா மருந்துக்கடைக்காரன் குடுத்துருவான்?" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாளிலிருந்து மருமகளுக்கு முருங்கைக்கீரை இரண்டு வேளையாயிற்று. இந்தியக் கடையில் உறையவைத்து விற்கும் பொட்டலங்களை வாரக் கடைசியில் நான் மொத்தமாக வாங்கி வந்தேன். பேரீச்சை, வெல்லம், எள்ளுருண்டை. மனைவி எதையும் மறுக்காமல் சாப்பிட்டாள். ஒரு ராத்திரி, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, "என் பால்ல ஏதோ குறை இருக்குன்னுதானே இதுக்கெல்லாம் அர்த்தம்?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை. எனக்குத் தெரிந்த பதில் பன்றியிலிருந்து வந்தது. அந்த நேரத்தில் அந்த உவமையை வாயில் எடுத்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் மிஞ்சியிருப்பேனா என்பது சந்தேகம்.

நாங்கள் இருப்பது அயோவா மாநிலம். மனிதர்கள் சுமார் 32 லட்சம். பன்றிகள் 2 கோடிக்கும் மேல். பொறியியலில் முதுகலை முடித்துவிட்டு இங்கே வந்தவனுக்கு வாய்த்த வேலை, பன்றிப் பண்ணைகளுக்கான கணக்கு மென்பொருள். எந்தத் தாய்ப்பன்றி எப்போது சினையானது, எத்தனை குட்டி போட்டது, எத்தனை பிழைத்தன என்பதையெல்லாம் பதிந்துகொண்டே போகும் ஒரு தரவுத்தளம். தொல்காப்பியத்தின் மரபியல் நாய், பன்றி, புலி, முயல் என்ற நான்கின் இளையவற்றுக்கும் 'குருளை' என்று அழகான பெயர் வைத்திருக்கிறது. எங்கள் தரவுத்தளத்தில் அவை வெறும் எண்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு விஷயம் என்னை உறுத்தியது. குட்டியின் எடையைக்கூட நிரப்பாமல் விடலாம். ஆனால் 'இரும்பு ஊசி போட்ட தேதி' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகமுடியாது. எல்லாக் குட்டிக்கும் நோயா என்ன, இதை ஏன் கட்டாயமாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று எங்களுக்கு ஆலோசனை சொல்லும் கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். "நோய் இல்லை. எல்லாக் குட்டியும் பால் குடிக்கிறதே, அதனால்தான்" என்றார். அந்தப் பதில் புரிவதற்கு எனக்குச் சில மாதங்கள் படிக்க வேண்டியிருந்தது.

பன்றிப் பாலை ஆராய்வது அத்தனை சுலபமல்ல. பசுவின் மடியில் பால் தேங்கி நிற்க இடம் உண்டு, உட்கார்ந்து கறக்கலாம். பன்றி மடியில் அப்படி ஓர் இடம் கிடையாது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, தாய் உறுமிக் கூப்பிட்டதும் குட்டிகள் ஓடிவந்து ஆளுக்கொரு காம்பைப் பிடித்து முட்டி முட்டி, கடைசியில் பத்திருபது விநாடிகள் மட்டும் பால் இறங்கும். அதோடு சரி. ஒவ்வொரு குட்டிக்கும் தனக்கென்று ஒரு காம்பு உண்டு. முதல் சில நாள் சண்டையில் அது தீர்மானமாகிவிடும். ஆராய்ச்சியாளர்கள் தாயின் காது நரம்பில் ஆக்ஸிடோசின் ஊசி போட்டு, பால் இறங்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் புட்டியில் பிடிக்கிறார்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு, குட்டி போடும் நாள். அன்று சீம்பால் ஏறக்குறைய இடைவிடாமல் கசிந்துகொண்டிருக்கும். அந்த நாளில் மணிக்கு மணி பால் மாறுகிறது. மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் புரதங்கள் வயிற்றிலிருக்கும்போதே தாயின் ரத்தத்திலிருந்து வந்துவிடும். பன்றியின் நஞ்சு அந்தப் புரதங்களை உள்ளே விடாது. எனவே குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. அதன் குடற்சுவர் பெரிய புரதங்களை அப்படியே ரத்தத்துக்குள் விடுவது ஏறக்குறைய ஒரு நாள் மட்டுமே. அதற்குள் தாய் கொடுத்துத் தீர்க்கவேண்டும். பிறந்த நேரத்துச் சீம்பாலில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் புரதம். சில நாளில் அது ஐந்தாறு பங்காக இறங்கிவிடும்.

தாது உப்புகளும் இதே வேகத்தில் மாறுகின்றன. இதைப் பட்டியலாக மட்டும் படித்தால் தூக்கம் வரும். ஏன் மாறுகிறது என்று பார்த்தால் நன்றாக வடிவமைத்த ஓர் இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பது போலிருக்கும். சோடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரசவ நேரத்தில் பால் சுரப்பியின் செல்களுக்கு நடுவே உள்ள இணைப்புகள் இன்னும் இறுகியிருக்காது. தாயின் ரத்தத்திலிருந்து சோடியம் அந்த இடுக்குகள் வழியே பாலுக்குள் கசிகிறது. ஓரிரு நாளில் இணைப்புகள் இறுக, கசிவு நிற்கிறது. அதே சமயத்தில் பால் சர்க்கரை நூற்றுக்கு மூன்று பங்கிலிருந்து ஐந்துக்கு மேல் ஏறுகிறது. பாலும் ரத்தமும் சவ்வூடு அழுத்தத்தில் சமமாக இருந்தாக வேண்டும் என்பது விதி. சர்க்கரை ஏறினால் உப்பு இறங்கியே தீரும். தராசின் இரண்டு தட்டுகள்.

கால்சியம் இதற்கு நேர் எதிர். சீம்பாலில் லிட்டருக்கு முக்கால் கிராம் அளவில்தான் இருக்கும். ஒரு வாரம் பத்து நாளில் இரண்டு கிராமை நெருங்கிவிடும். பசும்பாலில் இருப்பது 1.2 கிராம், மனிதப் பாலில் 0.3 என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய அளவு என்று தெரியும். கால்சியம் பாலில் தனியாக மிதப்பதில்லை. கேசின் என்ற புரதத்தோடு பாஸ்பரஸும் சேர்ந்து சின்னச் சின்ன உருண்டைகளாகப் பயணம் செய்கிறது. சீம்பாலின் புரதத்தில் பெரும்பகுதி எதிர்ப்புப் புரதம். கேசினின் பங்கு குறைவு. கேசின் கூடக்கூடக் கால்சியமும் பாஸ்பரஸும் ஏறுகின்றன. முதல் நாள் குட்டிக்குத் தேவை எலும்பல்ல, பாதுகாப்பு. எலும்பு அடுத்த வாரத்து வேலை. துத்தநாகமும் தாமிரமும் சீம்பாலில் நிறைய இருந்து பிறகு படிப்படியாகக் குறைகின்றன.

இந்தக் கால்சியம் எங்கிருந்து வருகிறது? நன்றாகப் பால் சுரக்கும் தாய்ப்பன்றி ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் வரை கொடுக்கும். அதாவது இருபது கிராம் கால்சியம். தீவனத்தில் அது போதவில்லை என்றால் பாலில் குறையும் என்றுதான் நான் நினைத்தேன். குறைவதில்லை. தாய் தன் எலும்பைக் கரைத்துக் கொடுக்கிறது. பால் மறக்கும் சமயத்தில் கால் எலும்பு முறிந்து எழுந்திருக்க முடியாமல் போன பன்றிகளின் பதிவுகள் எங்கள் தரவுத்தளத்திலேயே இருக்கின்றன. பாலின் தாது அளவைக் காவல் காப்பது பால் சுரப்பி. தாய் என்ன சாப்பிட்டாள் என்று அது பெரும்பாலும் கேட்பதே இல்லை. இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். இரும்புக்கு வரும்போது இது தேவைப்படும்.

பாலின் சாம்பலை முதன்முதலில் இப்படிக் கணக்குப் பார்த்தவர்களில் முக்கியமானவர் குஸ்தாவ் ஃபோன் புங்கே. எஸ்டோனியாவில் பிறந்து, 1885இலிருந்து ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரில் பேராசிரியராக இருந்தவர். பாலை எரித்தால் மிஞ்சும் சாம்பல்தான் அதன் தாது உப்பு. எந்த விலங்கின் குட்டி வேகமாக வளர்கிறதோ அதன் தாயின் பாலில் சாம்பல் அதிகம் என்று அவர் காலத்து ஆராய்ச்சி காட்டியது. பிறந்த எடை இரட்டிப்பாக மனிதக் குழந்தைக்கு 180 நாள், கன்றுக்கு 47, பன்றிக்குட்டிக்கு 14, நாய்க்குட்டிக்கு 9, முயலுக்கு 6. மனிதப் பாலில் நூற்றுக்கு 0.2 பங்கு சாம்பல், பசும்பாலில் 0.7, முயல் பாலில் 2.5. இன்றைய பண்ணைக் குட்டிகள் ஏழெட்டு நாளிலேயே இரட்டித்துவிடுகின்றன என்பது வேறு கதை.

புங்கே இன்னொரு காரியமும் செய்தார். நாய்க்குட்டியின் உடல் சாம்பலையும் நாய்ப்பாலின் சாம்பலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் அச்சில் வார்த்தது போலப் பொருந்தின. உடலுக்கு என்ன விகிதத்தில் தேவையோ அதே விகிதத்தில் பால். ஒன்றே ஒன்று மட்டும் பொருந்தவில்லை. பாலில் இரும்பு பல மடங்கு குறைவு. இது பிழையல்ல என்று அவர் முடிவு கட்டினார். தாய் இரும்பைப் பால் வழியே கொடுப்பதில்லை. பிறப்பதற்கு முன்பே ஈரலில் கட்டுச்சோறாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறாள். 1889இல் வெளியான அந்த ஆய்வு இன்றைக்கும் அடிப்படையில் சரியாகவே இருக்கிறது.

பன்றிக்குட்டியின் சங்கடம் இங்கேதான். அதன் கட்டுச்சோறு சின்னது. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பிறக்கும் குட்டியின் மொத்த உடலிலும் 50 மி.கி. இரும்பு இருந்தால் அதிகம். அதிலும் பெரும்பகுதி ரத்தத்திலேயே ஓடிக்கொண்டிருப்பது, சேமிப்பு அல்ல. பாலில் கிடைப்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். ஆனால் எடை ஒரு கிலோ கூடும்போதெல்லாம் குறைந்தது 21 மி.கி. இரும்பு உடலில் சேரவேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று வாரத்தில் குட்டி ஆறு கிலோவைத் தொடும். பிறவிச் சொத்து 50, பாலில் வந்தது 21, மொத்தம் 71 மி.கி. பிறந்தபோது கிலோவுக்கு 35 மி.கி. இருந்தது இப்போது கிலோவுக்கு 12. ரத்தம் குறையவில்லை, குட்டி பெருத்துவிட்டது; சாம்பாரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனது போல. இந்த நிலையில் குட்டி வெளுத்து, ரோமம் சிலிர்த்து, மூச்சு வாங்கி, நன்றாகக் கொழுத்திருக்கும்போதே திடீரென்று செத்துப்போகும். அதிகம் வளர்ந்த குட்டிதான் முதலில் போகும் என்பது இதில் கொடுமை.

பழைய அமெரிக்கக் குடியானவர்கள் இதைத் 'தம்ப்ஸ்' என்றார்கள். மூச்சுத் திணறலில் விலா அதிர்வதைப் பார்த்து வைத்த பெயர். பால் கொழுப்பு அதிகமாகி, ஓடியாடாமல் படுத்தே கிடப்பதால் வருகிறது என்று நம்பினார்கள். வைத்தியம், குட்டிகளை வெளியே விரட்டிவிட்டு ஓடவிடுவது. குணமாயிற்று! காரணம் தப்பு, வைத்தியம் சரி. வெளியே போன குட்டி மூக்கால் மண்ணைக் கிளறியது. இரும்பு மண்ணிலிருந்து வந்தது. சிலர் புல்லோடு பெயர்த்த மண்கட்டியைத் தொழுவத்துக்குள் போட்டுவைத்தார்கள். அது இன்னும் சரியான வைத்தியம்.

ஸ்காட்லாந்தில் மக்கோவன், கிரைட்டன் என்ற இருவர் 1923இல் இது இரும்புக் குறைவுதான் என்று காட்டினார்கள். அதன் பிறகு எல்லாருக்கும் தோன்றியது என் அம்மாவுக்குத் தோன்றிய அதே யோசனை: தாய்க்கு இரும்பு கொடு, பாலில் இறங்கும். தீவனத்தில் எவ்வளவு கலந்து பார்த்தும் பாலின் இரும்பு சொல்லும்படியாக ஏறவில்லை. சில சோதனைகளில் குட்டிகள் தேறின. பார்த்தால், அவை தாயின் சாணத்தைக் கிளறித் தின்றிருந்தன! கர்ப்பத்திலேயே கூடுதலாகக் கொடுத்தாலும் பெரிய பலனில்லை. கருவுக்கு இரும்பைச் சுமந்து செல்லும் யூட்டெரோஃபெரின் என்ற ஊதா நிறப் புரதத்துக்கும் ஓர் அளவுதான் கொள்ளும். 1950களின் நடுவில் இங்கிலாந்தில் இரும்பு டெக்ஸ்ட்ரான் என்ற ஊசி மருந்து வந்தபின் வழி பிறந்தது. பிறந்த சில நாளுக்குள் கழுத்துச் சதையில் ஒரே ஊசி, 200 மி.கி. என் மென்பொருளில் கட்டாயமாக இருக்கும் கட்டம் அதுதான்.

சரி, எலும்பைக் கரைத்துக் கால்சியம் கொடுக்கிற தாய் இரும்பில் மட்டும் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? ஒரு விளக்கம் கிருமிகளைப் பற்றியது. குடலில் தொல்லை தரும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இரும்பு இல்லாமல் பெருக முடியாது. பாலில் லாக்டோஃபெரின் என்ற புரதம் இருக்கிறது. சீம்பாலில் இன்னும் அதிகம். கிடைக்கிற இரும்பை இறுகப் பிடித்துக்கொண்டு கிருமிகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்வது அதன் வேலைகளில் ஒன்று. பிறந்த சில நாளில் குட்டிகளைக் கொல்வதில் முதலிடத்தில் இருப்பவற்றில் ஒன்று வயிற்றுப்போக்கு. அந்தக் குடலுக்குள் தாராளமாக இரும்பை ஊற்றுவது வீட்டுக்குள் வந்த திருடனுக்கு விருந்து வைப்பது போலாகும்.

எனக்கு இன்னும் பிடித்தது இரண்டாவது விளக்கம். காட்டுப்பன்றி ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிதான் போடும், மெதுவாக வளரும், தாய் தரையைப் பறித்துக் கூடு கட்டி அதில்தான் குட்டி போடும். முதல் நாளிலிருந்தே குட்டியின் மூக்கு மண்ணில். மண்ணில் இரும்புக்கு என்ன பஞ்சம்? கையெட்டும் தூரத்தில் கொட்டிக் கிடப்பதைத் தாய் தன் ரத்தத்திலிருந்து எடுத்துக் கொடுக்கவேண்டிய அவசியம் இருந்ததில்லை. அந்த ஏற்பாட்டில் பாலும் பாதி, மண்ணும் பாதி. நாம் குட்டிகளின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினோம். வளரும் வேகத்தைக் கூட்டினோம். கடைசியில் மண்ணை எடுத்துவிட்டுச் சிமெண்டும் பிளாஸ்டிக் சட்டமும் போட்டோம். அதன்பிறகு பாலைச் சோதித்துப் பார்த்துவிட்டு, 'குறைபாடு' என்று எழுதிவைத்தோம்.

இதைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் திருவிளையாடற் புராணம் நினைவுக்கு வந்தது. பன்றிக்குட்டிகளுக்கு முலை கொடுத்த படலம். வேட்டையில் தாயும் தந்தையும் மாண்டுபோக, காட்டில் பசியால் கத்தும் பன்னிரண்டு குட்டிகளுக்காகச் சிவன் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுக்கிறார். அவை பிறகு பாண்டியனுக்கு மந்திரிகளாகின்றன. மதுரைப் புதுமண்டபத் தூணில் இந்தச் சிற்பம் இருக்கிறது. சின்ன வயதில் அம்மாதான் காட்டியிருக்கிறார். பன்றி என்றாலே முகம் சுளிக்கும் ஊரில், கடவுள் பன்றியாகி மடியைக் கொடுத்தார் என்று எழுதியவர்களின் துணிச்சலை அப்போது நான் உணரவில்லை. இப்போது எனக்குத் தோன்றுவதெல்லாம் வேறு: அந்தப் பன்னிரண்டும் காட்டு மண்ணில் கிடந்தவை, இரும்பைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கத் தேவையில்லை.

மனிதக் கதைக்கு வருகிறேன். தாய்ப்பாலில் இரும்பு லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை. குழந்தை அதை நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது என்றாலும் அளவு சொற்பம்தான். ஆனால் நம் கட்டுச்சோறு பன்றியைவிடப் பெரியது. நாம் மெதுவாக வளர்கிறவர்கள். நிறைமாதக் குழந்தைக்கு நான்கிலிருந்து ஆறு மாதம் வரை தாங்கும். அதன்பிறகு சோறு, பருப்பு, கீரை, மீன், முட்டை என்று வெளியுலகம் தொடங்குகிறது. மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்து அந்த இடைவெளிக்கான பாலம், அவ்வளவுதான். பிறந்தவுடன் தொப்புள்கொடியை அவசரமாக வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நிமிடத்தில் சுமார் 80 மில்லி லிட்டர் ரத்தம் நஞ்சிலிருந்து குழந்தைக்குப் போகும். கட்டுச்சோற்றில் கடைசியாக வைக்கும் ஒரு கவளம்.

பன்றியைப் போலவே நம்மிலும், தாய் சாப்பிடும் இரும்பு பாலின் இரும்பைப் பெரிதாக மாற்றுவதில்லை. முருங்கைக்கீரை மனைவிக்கு நல்லது. பிரசவத்தில் இழந்த ரத்தம் ஊறும். மகளுக்கு அது பால் வழியே போய்ச் சேராது. போகவில்லை என்றால் அது அவள் உடம்பின் குறையும் இல்லை.

இதை வீட்டில் எப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். மனைவியிடம் புங்கேயின் நாய்க்குட்டியிலிருந்து ஆரம்பித்தேன். பன்றியைப் பற்றி மெல்லத்தான் பேச்செடுத்தேன். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "இதை முதல் நாளே சொல்லியிருந்தா இத்தனை கீரை தின்னிருக்க மாட்டேனே" என்றாள். அம்மாவிடம் புதுமண்டபத்துத் தூணைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ மண்ணுல வெளையாடுற புள்ளைக்கு வேண்டாம், இங்கே கம்பளத்துலயே கெடக்குற புள்ளைக்கு வேணுங்கிற" என்றார். முழுக்கச் சரியில்லை, மனிதக் குழந்தைக்கு மண் தின்றால் பூச்சிதான் வரும், ஊரில் தவழ்ந்த பிள்ளைகளுக்கும் ரத்தசோகை குறைவில்லை என்று திருத்தினேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை சொட்டு மருந்தை அம்மாதான் கொடுத்தார். சங்கு எங்கே என்று கேட்டார். இதற்கு உறிஞ்சுகுழாய் இருக்கிறது என்று கொடுத்தேன். கோட்டுக்கு மேல் ஒரு துளி ஏறிவிடாமல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, கன்னத்தின் உள்பக்கமாக விட்டார். பாதியை அவள் துப்பிவிட்டாள். சட்டையில் துருக்கறை. இரண்டு முறை துவைத்தும் போகவில்லை.